ஒரு துளி நீரும் ஒரு நுளம்பும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடல் சூழக் கிடக்கும் தீவுகளுள் நெடுந்தீவும் ஒன்று. நமது நாட்டின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர், அத்தீவிற்குத் தமது நாட்டு நகரம் ஒன்றின் பெயரை இட்டனர். டெல்ப்ட் என்பது அந்நகரின் பெயர். இன்றும் ஆங்கிலத்தில் எழுதுவோர் நெடுந்தீவை அப்பெயராலேயே குறிப்பர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1658ஆம் ஆண்டில். அதற்கு 18 ஆண்டுகள் கழித்து, அந்த டெல்ப்ட் நகரிலே புடைவை வணிகர் ஒருவர் சிறிது மிளகை நீரில் ஊறவைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்நீரில் அவர் கண்டது யாது என்பதும், அதற்கும் இன்று நம் முற்றத்திலே கிடக்கும் சிரட்டைக்கும் உள்ள உறவு யாது என்பதுமே எனது பேச்சின் பொருளாகும்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லன். வரலாறும் தமிழும் பயின்று பட்டம் பெற்று, ஆசிரியனாகி, இப்பொழுது அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன். இப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குள்ள தகுதி நான் செய்த ஒரு பிழையே. அதனைப் பின்னர் கூறுவேன். முதலில் அந்தப் புடைவை வணிகரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் அன்ரனி வான் லீவன்ஹூக். 1632ஆம் ஆண்டிற் பிறந்தவர். பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மிதித்ததில்லை. அக்காலத்துக் கற்றோர் மொழியாகிய இலத்தீனும் அவர் அறியார். துணியின் இழைகளை எண்ணித் தரம் பார்ப்பதற்குப் புடைவை வணிகர் கைவில்லை வைத்திருப்பது அந்நாளைய வழக்கம். லீவன்ஹூக்கோ தாமே வில்லைகளைத் தேய்க்கப் பழகினார். மணியளவினதான வில்லை ஒன்றை இரு சிறு உலோகத் தகடுகளுக்கிடையே பொருத்தி, அதனைக் கண்ணருகே பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்ப்பார். அவர் செய்தவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் நுணுக்குக்காட்டி ஒன்று பொருள்களை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுகின்றது.

மிளகு ஏன் காரமாயிருக்கின்றது என்று அறிய அவர் விரும்பினார். 1676ஆம் ஆண்டு மிளகை நீரிலிட்டுச் சில கிழமைகள் வைத்திருந்து, அந்நீரின் துளியொன்றை வில்லையின் முன் வைத்துப் பார்த்தார். காரத்தின் காரணம் அதிலே தெரியவில்லை. ஆனால் எண்ணிறந்த சிற்றுயிர்கள் நீந்தித் திரிந்தன. மழைநீரிலும் கிணற்று நீரிலும் இத்தகைய உயிர்களை அவர் கண்டார். அவற்றுட் சில, அதற்குமுன் மனிதர் எவரும் கண்டிராத அளவு நுண்ணியவை.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், தாம் கண்டவற்றைத் தம் தாய்மொழியிலேயே நீண்ட மடலாக எழுதி, இலண்டன் மாநகரின் அரச கழகத்திற்கு அனுப்பினார். கழகத்தார் வியந்தனர், ஐயமுங் கொண்டனர். அவர் சினங்கொள்ளவில்லை. டெல்ப்ட் நகரத்துப் பெரியோர் எண்மரை அழைத்துத் தம் கருவியூடாகப் பார்க்கச் செய்து, அவர்கள் கண்டது உண்மையென எழுதித் தந்த சான்றுகளை இலண்டனுக்கு அனுப்பிவைத்தார். அச்சான்றாளருள் மதகுருமாரும் இருந்தனர்; நொத்தாரிசு ஒருவரும் இருந்தார். 1677 நவம்பரில், கழகத்தைச் சேர்ந்த றொபேட் ஹூக் என்னும் அறிஞர் தாமே மிளகு நீரை ஆக்கி, அச்சிற்றுயிர்களைக் கண்டு, அங்கத்தவர்க்கும் காட்டினார். ஐயம் நீங்கிற்று. 1680ஆம் ஆண்டு அந்தப் புடைவை வணிகர் அரச கழகத்தின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். 1683ஆம் ஆண்டு எழுதிய மற்றொரு மடலில், தமது பல்லிடுக்கிலிருந்து சுரண்டியெடுத்த அழுக்கிலும் இத்தகைய உயிர்கள் நெளிவதை அவர் விவரித்தார்.

ஆயினும், நேயர்களே, ஒன்றை நாம் கருதல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் நம்மைச் சூழ்ந்தும் நம்முள்ளும் வாழ்கின்றன என்று உலகம் அறிந்தது. அவற்றுட் சில நம்மைக் கொல்லவும் வல்லன என்பதை உறுதிப்படுத்த மேலும் 200 ஆண்டுகள் சென்றன. பிரான்சு தேசத்து லூயி பாஸ்ரரும் சேர்மனி தேசத்து றொபேட் கொக்கும் அதனை நிலைநாட்டிய பெரியார்கள். அந்திராக்சு நோயின் கிருமியை 1876ஆம் ஆண்டிலும் காசநோயின் கிருமியை 1882ஆம் ஆண்டிலும் கொக் ஐயத்துக்கிடமின்றி விளக்கினார்.

மலேரியாக் காய்ச்சல் மாத்திரம் நெடுங்காலம் மருத்துவரை மயக்கியது. மலேரியா என்னும் சொல்லுக்கே, இத்தாலிய மொழியில், கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் காற்றே காய்ச்சலைத் தருகின்றது என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையில் அரைப்பங்கு உண்மை இருந்தது. சதுப்பு நிலத்திலிருந்து ஏதோவொன்று வந்தது மெய், அது காற்றன்று. 1880ஆம் ஆண்டு அல்சீரியாவில், லவரன் என்னும் பிரெஞ்சு இராணுவ வைத்தியர், நோயாளியின் குருதியிலே மலேரியாவின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், சீன நாட்டின் ஆமோய்த் துறைமுகத்தில் பணியாற்றிய பற்றிக் மான்சன், யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு நுளம்பின் உடலிலே வளர்வதைக் கண்டறிந்திருந்தார். மலேரியாவையும் நுளம்பே காவுகின்றதோ என்னும் எண்ணத்தை றொனால்ட் றொஸ் என்பவரின் மனத்தில் ஊன்றியவரும் அவரே.

றொஸ் இந்தியாவிற் பணிபுரிந்த வைத்தியர். செக்கந்தராபாத்தில், வேனிற் கொடுமையில், விசிறி வீசினால் அறுத்துப் பரப்பிய நுளம்புகள் பறந்துபோகும் என்று விசிறியுமின்றி வேலை செய்தார். நெற்றியின் வியர்வை பட்டு நுணுக்குக்காட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தன. உசேன் கான் என்னும் நோயாளியை நுளம்புகள் கடிப்பதற்கு, கடித்த நுளம்பொன்றிற்கு ஓர் அணா வீதம் கொடுத்தார் என்பர். 1897ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் தேதி, அத்தகைய நுளம்பொன்றின் வயிற்றுச் சுவரிலே, வளர்ந்துவரும் மலேரியாக் கிருமியை அவர் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளைத் தாக்கும் மலேரியாவின் சுற்று முழுவதையும் விளக்கினார். அதே காலத்தில், மனித மலேரியாவைக் காவுவது அனோபிலிஸ் நுளம்பே என்பதை இத்தாலிய அறிஞர் நிறுவினர். 1902ஆம் ஆண்டின் நோபல் பரிசு றொஸுக்கு வழங்கப்பட்டது.

இவ்வாறு, கிருமியையும் கண்டோம். அதனைக் காவும் பூச்சியையும் கண்டோம். இனி மூன்றாவதாக ஒன்று உண்டு. அது காலநிலை.

நுளம்பு ஒரு நோயாளியின் குருதியைக் குடித்த மாத்திரத்தே பிறர்க்கு அந்நோயைக் கொடுத்துவிட இயலாது. உட்சென்ற கிருமி நுளம்பின் உடலிலே பெருகி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைதல் வேண்டும். அதற்குப் பல நாட்கள் செல்லும். நுளம்போ அற்ப ஆயுளுடையது. பெரும்பாலானவை சில கிழமைகளுக்குள் மடிந்துவிடும். ஆகவே கிருமி முதிர்வதற்கும் நுளம்பு மடிவதற்கும் இடையே ஒரு பந்தயம் நடைபெறுகின்றது. அதன் முடிவைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது வெப்பநிலை. கொடிய வகை மலேரியாக் கிருமி, 16 பாகை செல்சியசிற்குக் கீழ் நுளம்பினுள் வளராது. 20 பாகையில் அது முதிர்வதற்கு ஏறத்தாழ 4 கிழமைகள் வேண்டும். அதற்குள் நுளம்பு பெரும்பாலும் இறந்துபோகும். 25 பாகையிலோ ஏறத்தாழ 12 நாட்கள் போதும். டெங்கு வைரசிற்கும் இத்தகைய கணக்கு உண்டு. 25 பாகையில் ஏறத்தாழ 15 நாட்கள். 30 பாகையில் ஏறத்தாழ ஒரு கிழமை.

1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிடுமிடத்து, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை 1.1 பாகை உயர்ந்திருந்ததென அறிஞர் கணித்துள்ளனர். ஒரு பாகைதானே என்று நாம் எண்ணுகின்றோம். நுளம்பின் வாழ்நாளோடு ஓடும் கிருமிக்கு ஒரு பாகை என்பது சில நாட்களின் இலாபம். எதியோப்பியாவிலும் கொலம்பியாவிலும், வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் மலேரியா மலையின் மேல்நோக்கி ஏறுவதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இமயத்தின் மடியிலுள்ள நேபாளத்தில் டெங்கு முதன்முதலாக அறியப்பட்டது 2004ஆம் ஆண்டிலேதான். 2022ஆம் ஆண்டில் அங்கே 50,000இற்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். எனினும் வெப்பம் ஏற ஏற நோயும் முடிவின்றி ஏறும் என்று கொள்ளலாகாது. ஓர் எல்லைக்கு மேற்பட்ட வெப்பம் நுளம்பையே கொன்றுவிடும். மக்களின் போக்குவரத்து, நகரங்களின் பெருக்கம், குப்பையின் பெருக்கம் ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு. காலநிலை கதவைத் திறந்துவிடுகின்றது. உள்ளே நுழைவது பிற காரணங்களைப் பொறுத்தது.

வானிலைக்கும் நுளம்புக்கும் உள்ள உறவு நாம் எண்ணுமளவு எளியதன்று என்பதற்கு, நமது நாட்டு வரலாறே நல்ல சான்று. மழை மிகுந்தால் நுளம்பு மிகும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் 1934ஆம் ஆண்டு நடந்தது இதற்கு மாறானது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் மழைக்காலத்தில் நிரம்பி ஓடும். அந்த ஓட்டத்திலே நுளம்பின் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். மழை பொய்த்தபோது மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணற்படுகைகளில் ஆங்காங்கே தெளிந்த நீர்க்குட்டைகள் தேங்கின. வெயில் படும் அத்தகைய குட்டைகளே மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் நுளம்பிற்கு உகந்த தொட்டில்கள். உலர்வலயத்து மக்கள் ஆண்டுதோறும் அக்காய்ச்சலுக்கு ஆளாகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரவலயத்து மக்களுக்கு அது இல்லை. விளைச்சல் குன்றிப் பசியும் சேர்ந்துகொண்டது. 1934 ஒக்டோபரில் தொடங்கி 1935இன் முற்பகுதிவரை நீடித்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். மழை பெய்து வந்த அழிவன்று அது. பெய்யாது வந்த அழிவு.

பின்னர் நடந்ததும் கருதத்தக்கது. இரண்டாம் உலகப் போரை அடுத்து டீ.டீ.ரீ. மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. நோய் ஒழிந்தது என்று மகிழ்ந்தோம்; தெளித்தலும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1968ஆம், 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது மீண்டும் பற்றியது. மறுபடியும் முயன்றோம். போர் நடந்த காலத்திலும் அம்முயற்சி அறவே நின்றுபோகவில்லை. 2012ஆம் ஆண்டு ஒக்டோபருக்குப் பின் இந்நாட்டில் உள்ளூரிலே தொற்றிய நோயாளி எவரும் இலர் என்ற நிலை வந்தது. 2016 செப்டெம்பரில், மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றளித்தது. புவி வெப்பம் உயர்ந்துவந்த அதே ஆண்டுகளிலேயே இதனை நாம் சாதித்தோம் என்பதை மறத்தலாகாது. 17 என்ற எண் ஐந்து இலட்சமாக உயர்ந்தது வெயிலினால் அன்று. பார்ப்பதை நாம் நிறுத்தியதனால். 2016ஆம் ஆண்டின் இறுதியிலே, மலேரியாவைக் காவவல்ல புதியதோர் அனோபிலிஸ் இனம் மன்னாரிலே கண்டறியப்பட்டது. கிணறுகளிலே பெருகும் இயல்புடைய இனம் அது. சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று கண்ணை மூடியிருப்பின் அதனைக் கண்டிருக்க மாட்டார்கள்.

இனி டெங்குக் காய்ச்சல். 2017ஆம் ஆண்டில் நமது நாட்டிலே 186,000இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 400இற்கு மேற்பட்டோர் இறந்தனர். இதனைக் காவும் ஈடிஸ் நுளம்பு ஆற்றையும் குளத்தையும் தேடிச் செல்வதில்லை. அது நம் வீட்டு நுளம்பு. சிரட்டை, தயிர்ச்சட்டி, தகரப்பேணி, கழித்த ரயர், கூரைப்பீலி, பூச்சாடி இவையே அதற்குப் போதும். மழை பெய்தால் இவை நிரம்புகின்றன. மழை பெய்யாவிட்டாலோ, நாமே பீப்பாவிலும் தொட்டியிலும் நீரைச் சேமித்து வைக்கின்றோம். ஆகவே மழையும் அதற்கு நண்பன். வறட்சியும் அதற்கு நண்பன். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே மாதக்கணக்காக உயிர் தாங்கும். உவர்நீரில் அது பெருகாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நமது நாட்டின் கரையோரங்களில் உவர் கலந்த நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். கடல்மட்டம் உயர்ந்து உவர் உட்புகும் காலத்தில் இச்செய்தி நமக்கு நல்ல செய்தியன்று.

இப்பொழுது என் பிழையைக் கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடுமுறை கழிந்து தை மாதத்தில் எமது பாடசாலை மீண்டும் தொடங்கியது. இரண்டாவது கிழமையில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரவில்லை. டெங்கு என்றனர். குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. ஐந்து நாட்கள் அப்பிள்ளையின் பெற்றோர் வைத்தியசாலை விறாந்தையிலேயே கிடந்தனர். நான் பார்க்கச் சென்றபோது அத்தாய் என்னிடம் கேட்டார்: “சேர், வீட்டிலே ஒரு சிரட்டைகூடக் கவிழ்க்காமல் விடவில்லை. பிள்ளைக்கு எங்கே கடித்தது?” ஈடிஸ் நுளம்பு பகலிலே கடிப்பது. பகலிலே அப்பிள்ளை இருந்த இடம் யாது என்பதை நான் அறிவேன். ஆயினும் விடை கூறாது நின்றேன்.

மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வகுப்பறைகளையும் பீலிகளையும் மலசலகூடத் தொட்டிகளையும் பார்த்தார். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. நான் சற்றுப் பெருமையோடு அவரை என் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று தேநீர் கொடுத்தேன். அவர் தேநீரைப் பருகிக்கொண்டே, யன்னலோரத்தில் நான் கொடி வளர்த்த கண்ணாடிப் போத்தலை எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒன்றும் பேசாது என்னிடம் நீட்டினார். வேர்களுக்கிடையே குடம்பிகள் துள்ளி நெளிந்தன. அந்தப் போத்தலின் அருகிலிருந்துதான், நுளம்பை ஒழிப்போம் என்னும் சுற்றறிக்கைகளுக்கு நான் கையொப்பமிட்டு வந்தேன். எட்டாம் வகுப்பு எனது அலுவலகத்துக்கு அடுத்த அறை.

அப்பிள்ளை பிழைத்து எழுந்தாள். இறைவனுக்கும் வைத்தியர்களுக்கும் நன்றி. அவளைக் கடித்த நுளம்பு என் போத்தலிற் பிறந்ததுதானா என்பதை எவராலும் சொல்லவியலாது. அன்று என்னை வருத்தியது வேறொன்று. நுணுக்குக்காட்டி வேண்டாத, கைவில்லைகூட வேண்டாத, வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒன்றை, ஒரு பாகமான என் கைக்கெட்டிய தூரத்தில், நான் பார்க்கவில்லை. லீவன்ஹூக் என்னும் வணிகரைப் பற்றி எத்தனையோ முறை மாணவர்க்குக் கதை சொல்லியிருக்கிறேன். அவரைப் போல ஒரு போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில்லை.

அதன்பின் பாடசாலையில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம். வெள்ளிக்கிழமைதோறும் முதற் பாடவேளைக்கு முன் இருபது நிமிடம், மாணவர் இருவர் இருவராக வளவைச் சுற்றி வருவர். நீர் தேங்கிய பாத்திரங்களைப் பார்ப்பர், கவிழ்ப்பர், உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவர். கண்டதை ஒரு கொப்பியில் எழுதுவர். கிழமைக்கு ஒருமுறை என்பது காரணம் பற்றியே. முட்டையிலிருந்து நுளம்பு சிறகு முளைத்துப் பறப்பதற்கு நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் செல்லும். ஏழு நாளுக்கொருமுறை கண்ணுற்றால் அது பறக்குமுன் நாம் முந்திக்கொள்ளலாம். வெறுமனே நீரை ஊற்றிவிடுதல் போதாது. முட்டைகள் சுவரில் இருக்கும்.

முதலாம் ஆண்டில், மாரி கழிந்ததும் இவ்வேலையை நிறுத்திவிட எண்ணினேன். யாழ்ப்பாணத்திலே டெங்கு மாரியோடு வருவது, மாரியோடு போவது என்பதே எங்கள் எண்ணம். மாணவர் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. சித்திரை வெயிலில், மண் வெடித்துக் கிடந்தவொரு வெள்ளிக்கிழமை, மரக்கன்றுகளுக்கென நீர் சேமித்த பீப்பாவிலே குடம்பிகளைக் கண்டு ஓடிவந்து சொன்னவள் வேறு யாருமல்லள். முன்பு நோயுற்றிருந்த அப்பிள்ளையே.

நேயர்களே, நமது முன்னோர் மாதங்களை அறிந்து வாழ்ந்தனர். இன்ன மாதத்தில் மழை, இன்ன மாதத்தில் வெயில், இன்ன மாதத்தில் இன்ன நோய் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. அக்கணக்கு இப்போது பிழைக்கத் தொடங்கியுள்ளது. மழை வரும் மாதம் மாறுகின்றது. வந்தால் ஒரே நாளிற் கொட்டித் தீர்க்கின்றது. வராவிட்டால் நெடுநாள் வராதிருக்கின்றது. புவியின் வெப்பத்தைத் தணிப்பது நாடுகள் பல கூடிச் செய்யவேண்டிய பெருங்காரியம். அதனை அவர்கள் செய்தேயாதல் வேண்டும். செய்யுமாறு நாம் கேட்டேயாதல் வேண்டும். ஆனால் அது நிறைவேறும்வரை நுளம்பு காத்திராது. மாதத்தைப் பார்த்து விழித்திருந்த நாம், இனிக் கிழமையைப் பார்த்து விழித்திருத்தல் வேண்டும்.

இப்பேச்சு முடிந்து அடுத்த நிகழ்ச்சி தொடங்குவதற்குள், வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். குளிரூட்டும் பெட்டியின் பின்புறத் தட்டையும், பூச்சாடியின் கீழ்த்தட்டையும், கிணற்றடியிற் கிடக்கும் வாளியையும் பாருங்கள். நீரைக் கண்டால், கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களின் கண் நம் கண்ணைவிடக் கூரியது.